பெங்களூரிலிருந்து டர்ட் பைக் பந்தயத்துக்கு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அல்சூரிலோ விவேக் நகரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, மண் பாதையில் ஓட்டும் டர்ட் பைக் பந்தயத்தையே தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொன்னால், பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: உயிருக்கு ஆபத்து இல்லையா? அதில் சோறு கிடைக்குமா? இரண்டும் நியாயமானவை. ஆபத்து உண்டு, ஆனால் அதைப் பெருமளவு குறைக்க வழிகள் இருக்கின்றன. சோறும் கிடைக்கும்; ஆனால் பரிசுப் பணத்திலிருந்து மட்டும் கிடைக்காது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது, எதற்கு முதலில் செலவிடுவது, எப்போது போட்டியில் இறங்குவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இத்தொழிலுக்குப் பெங்களூர் நல்ல ஊர். உலகின் கடினமான நெடுந்தூர ராலிகளில் ஒன்றான டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் இந்த நகரத்துக்காரர். 2015இல் அவர் 36ஆம் இடத்தில் முடித்தார். 2019இல் பாஹா எனப்படும் குறுகிய ராலிப் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் பெங்களூர்க்காரர்தான். உடுப்பியைச் சேர்ந்த கே.பி. அரவிந்த் 2019இல் டக்காரை 37ஆம் இடத்தில் முடித்தார். ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024இல் ராலி-2 எனப்படும் இரண்டாம் நிலைப் பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம் பிடித்தார். இவர்களில் பலரும் மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் எனப்படும் சுற்றுப்பாதைப் பந்தயங்களின் மண்ணில் உருண்டு எழுந்த பிறகே ராலிக்குச் சென்றவர்கள் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. கையிலிருக்கும் பணம் முதலில் பயிற்சிக்கும், அடுத்துக் காப்புக் கவசங்களுக்கும், கடைசியாகத்தான் வண்டிக்கும் போக வேண்டும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறார்கள். கடன் வாங்கி வண்டியை இறக்கிவிட்டு, கவசத்துக்குப் பணமில்லாமல் மலிவான ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கற்றுத் தருபவர் இல்லாமல் காணொளிகளைப் பார்த்துத் தாண்ட முயல்கிறார்கள். அத்தகைய வண்டிகள்தாம் ஓராண்டுக்குள் "ஒரே ஓனர், குறைந்த ஓட்டம்" என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வருகின்றன.

எந்தப் பந்தயம் என்று முடிவு செய்தல்

டர்ட் பைக் பந்தயம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. மோட்டோகிராஸ் என்பது மேடு பள்ளம் நிறைந்த இயற்கையான நிலத்தில் அமைந்த சுற்றுப்பாதையில் நடப்பது. உலகத் தொடரான எம்.எக்ஸ்.ஜி.பி.யில் ஒரு பந்தயம் 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றுகளும் நீடிக்கும். சூப்பர்கிராஸில் ஒரு மைதானத்துக்குள் மண்ணைக் கொட்டிக் குவித்து, அடுத்தடுத்துத் தாண்டுமேடுகளையும் நெருக்கமான வளைவுகளையும் அமைப்பார்கள். நம் நாட்டில் கூட்டம் கூட்டிப் பார்க்கப்படுவது இதுதான். ராலி என்பது நேரத்தோடு போட்டியிடும் நெடுந்தூர ஓட்டம். அதில் ஓட்டும் திறமையோடு வழிகாட்டிக் குறிப்பைப் படிக்கும் திறமையும் வேண்டும்.

புதியவர்கள் ராலிக் கனவோடு வந்தாலும் மோட்டோகிராஸ் பாதையில் தொடங்குவதே நல்லது. ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பாதையில் ஒரே வளைவை ஒரு காலைப் பொழுதுக்குள் ஐம்பது முறை எடுக்க முடியும். செய்யும் பிழை அடுத்த சுற்றிலேயே திருந்தும். விழுந்தால் தூக்க ஆள் அருகில் இருப்பார். காட்டுப் பாதையில் இவை எதுவும் கிடையாது.

பயிற்சியைத் தேடுதல்

சந்தோஷ் நிறுவிய பிக் ராக் டர்ட் பார்க், பெங்களூருக்கு வெளியே கோலார் பக்கத்தில் இருக்கிறது. வண்டியும் கவசமும் கொடுத்தே கற்றுத்தரும் இதுபோன்ற பள்ளிகளில் தொடங்கினால், சொந்த வண்டி இல்லாமலேயே இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். பயிற்சி காலை வேளையில்தான் நடக்கும் என்பதால், டின் ஃபேக்டரி, கே.ஆர். புரம் நெரிசல் தொடங்குவதற்கு முன்பே பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொசகோட்டையைத் தாண்டிவிட வேண்டும். தங்கவயலில் உறவினர் இருப்பவர்களுக்கு முந்தைய இரவே அங்கே சென்று தங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, பயிற்றுநர் எத்தனை கோப்பைகள் வென்றார் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்களைப் பாதையில் விடுகிறார் என்று கேளுங்கள். தொடக்க நிலையினரையும் தேர்ந்தவர்களையும் ஒன்றாக ஓடவிடும் இடத்தில் சேராதீர்கள். பாதையோரத்தில் கொடிக்காரர் நிற்கிறாரா, முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா, எலும்பு முறிவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். இவற்றைக் கேட்டதற்காகச் சிரிக்கும் பள்ளி உங்களுக்கு உகந்ததன்று.

ஊரோரத்து ஏரிப் படுகைகளிலும் வீட்டுமனை போட்டுக் காலியாகக் கிடக்கும் லேஅவுட்டுகளிலும் பழகும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நிலம் யாருடையது என்பது ஒருபுறமிருக்க, அங்கே மாடு மேய்ப்பவரும் நடந்து போகும் குழந்தையும் எதிரில் வருவார்கள் என்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், மூடிய தனியார் பாதையில் பெற்றோர் சம்மதத்தோடு ஓட்டுவது வேறு. பொதுச்சாலையில் ஓட்டுவது வேறு. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, சிறாரைச் சாலையில் ஓட்டவிட்ட பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க முடியும். ஆகவே வீட்டிலிருந்து பாதை வரை வண்டி டாடா ஏஸில்தான் வர வேண்டும்.

முதல் சில வகுப்புகளில் வேகம் என்ற பேச்சே இருக்காது. நிற்கக் கற்றுக்கொள்வதுதான் பாடம். பாதத்தின் முன்பகுதி, ஃபுட்பெக் எனப்படும் கால்மிதியின் மேல் இருக்க வேண்டும். முழங்கால்கள் டேங்க்கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இடுப்பு பின்னே சென்று மார்பு ஹேண்டில்பாருக்கு மேலாகச் சாய வேண்டும். முழங்கைகள் வெளியே விரிந்து உயர்ந்திருக்க வேண்டும். கிளட்சின் மேலும் முன் பிரேக்கின் மேலும் ஒரு விரலோ இரண்டு விரல்களோ மட்டும் இருக்கும். சாலையில் பழகிய உடல் இதற்கு எளிதில் உடன்படாது. பள்ளம் வந்ததும் கை தானாக இறுகும். "தம்பி, கைய விடு, முட்டியால பிடி" என்று பயிற்றுநர் பாதையோரத்திலிருந்து எத்தனை முறை கத்தினாலும், முன்கை கல்லாக வீங்கி விரல்கள் பிரேக்கை இழுக்க மறுக்கும் அந்தக் கட்டம் எல்லோருக்கும் வரும். ஓட்டுநர்கள் ஆர்ம் பம்ப் என்று சொல்வது இதைத்தான். இதற்கு மருந்து கையில் இல்லை, காலில்தான் இருக்கிறது: கால்கள் வண்டியைப் பிடித்தால் கைகள் தளரும்.

அடுத்தது வளைவு. நேர்ப்பாதையில் நின்றபடியே வந்து, பிரேக் பிடிக்கும் வேலையை நிற்கும் நிலையிலேயே முடித்து, வளைவின் வாயில் சீட்டின் முன்பகுதியில் டேங்க்கை ஒட்டி உட்கார வேண்டும். உட்புறக் கால் முன் சக்கரத்தை நோக்கி, கால்விரல்கள் மேலே பார்க்க, நீட்டப்பட வேண்டும். பக்கவாட்டில் தொங்கும் கால் மண்ணில் மாட்டிக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள். வெளிப்புற ஃபுட்பெக்கில் எடையை அழுத்தி, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்துவிட்டால், வண்டி கண் போகும் இடத்துக்குப் போகும். பந்தயங்கள் தாண்டுமேடுகளில் வெல்லப்படுவதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்; நேரம் கணக்கிட்டுப் பார்த்தால் அவை வளைவுகளில் வெல்லப்படுவது தெரியும்.

தாண்டுதலைப் பயிற்றுநர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும், அதுவும் டேபிள்டாப் எனப்படும் தட்டையான மேட்டில். அதில் தூரம் போதாமல் இறங்கினாலும் மேட்டின் தட்டையான தலையில்தான் இறங்குவோம். இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம் விட்ட டபுள் அப்படி மன்னிக்காது. குறைந்த வேகத்தில் போனால் எதிர்மேட்டின் முகத்தில் மோத நேரிடும். மேட்டின் விளிம்பில் பயந்து ஆக்சிலரேட்டரை மூடுவது புதியவர்கள் செய்யும் மிகக் கொடிய பிழை, ஏனெனில் அப்போது வண்டியின் மூக்கு கீழே விழும். விளிம்பைக் கடக்கும் வரை ஒரே சீராகத் திறந்து வைத்திருக்க வேண்டும். காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின் சக்கரத்தின் சுழற்சி கூடி முன்பகுதி உயரும். பின் பிரேக்கை மிதித்தால் சுழற்சி நின்று முன்பகுதி தாழும். இயற்பியல் வகுப்பில் கோண உந்தம் என்று படித்தது இங்கேதான் உதவுகிறது.

கவசங்கள்

ஹெல்மெட் தாடைப்பகுதி நீண்ட மோட்டோகிராஸ் வகையாக, ஈ.சி.ஈ. 22.06 போன்ற தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். போட்டி விதிகள் எந்தச் சான்றுகளை ஏற்கின்றன என்பதை அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்த பின்பே வாங்குங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் கழித்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒரே முறை நசுங்கித்தான் தலையைக் காக்கும். இதனால்தான் செகண்ட்ஹேண்ட் ஹெல்மெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

அடுத்து பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும், கணுக்காலை முறுக்கவிடாத கடினமான மோட்டோகிராஸ் பூட்ஸ் வேண்டும். சாலைப் பயண பூட்ஸும் ராணுவ பூட்ஸும் இதற்கு ஈடாகா. புதிய பூட்ஸில் முதல் சில நாள்கள் கியர் எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்து பழக்கிக்கொள்ளலாம். முழங்கால் காப்பு, மார்பும் முதுகும் மறையும் கவசம், முழங்கை காப்பு, கண்ணாடி, கையுறை ஆகியவை கட்டாயம். தாண்டத் தொடங்கும் கட்டத்தில் கழுத்துக் காப்பையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பெண்கள் ஆண்களுக்கான அளவில் சின்னதைத் தேடாமல் தங்கள் உடலமைப்புக்கென்று செய்யப்பட்ட மார்புக் கவசத்தையே வாங்க வேண்டும். பொருந்தாத கவசம் விழும்போது நகர்ந்துவிடும்.

வண்டி

உண்மையான மோட்டோகிராஸ் வண்டிக்கும் சாலையில் ஓடும் சாகச வண்டிக்கும் உள்ள இடைவெளியை எண்களில் பார்ப்பது எளிது. கவாஸாகி கே.எக்ஸ். 250 போன்ற வண்டி 110 கிலோவுக்குள் நிற்கும். அதன் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 300 மி.மீ. வரை அமுங்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவை நெருங்கும். முன்புறம் 190 மி.மீ. மட்டுமே அமுங்கும். அதன் புரோ வகையில் இது 250 மி.மீ. ஆகிறது. விலையிலும் அதே இடைவெளிதான். இறக்குமதியாகும் கே.எக்ஸ். 250 எட்டு இலட்ச ரூபாயை ஒட்டி விற்கப்பட்டது. எக்ஸ்பல்ஸ் அதில் ஐந்தில் ஒரு பங்களவே ஆகும். தவிர, மோட்டோகிராஸ் வண்டிக்குப் பதிவு எண் கிடையாது. சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட்ட முடியாது.

என் கருத்தில், முதல் ஆண்டில் எக்ஸ்பல்ஸ் போதும். உள்நாட்டில் தயாரான வண்டிகளுக்கென்று தனிப் பிரிவுகள் தேசியப் போட்டிகளிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் இருக்கின்றன. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. கனமான வண்டியில் கற்ற உடல்நிலை இலகுவான வண்டிக்கு மாறும்போது வீணாகாது. டயரை மட்டும் கட்டை கட்டையாக நீண்டிருக்கும் பட்டன் டயராக மாற்றிக்கொள்ள வேண்டும். விதி அனுமதிக்கும் அளவுக்குமேல் எஞ்சினில் கை வைக்காதீர்கள். வண்டியைப் பிரித்துப் பார்த்து விதிமீறல் தெரிந்தால் வென்ற இடமும் போய்விடும். சிறுவர்கள் என்றால் 50, 65, 85 சி.சி. என்று உயரத்துக்கும் எடைக்கும் ஏற்பப் படிப்படியாக ஏற வேண்டும். "வளர்ந்துவிடுவான்" என்று பெரிய வண்டியை வாங்கித் தருவது பள்ளிச் சீருடையில் சரி, இதில் சரியில்லை.

பழைய மோட்டோகிராஸ் வண்டி வாங்குவோர் கிலோமீட்டரைக் கேட்கக் கூடாது, ஓடிய மணிக்கணக்கைக் கேட்க வேண்டும். பந்தய எஞ்சினில் பிஸ்டனும் ஆயிலும் மணிக்கணக்கில்தான் மாற்றப்படுகின்றன. மணி மீட்டரும் செலவுக் குறிப்பேடும் இல்லாத வண்டி என்றால், எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இறக்குமதி ஆவணங்கள் இல்லாமல் கைமாறும் வண்டிகளை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடக்கூடாது.

கையை அழுக்காக்கிக்கொள்ளுதல்

தனி மெக்கானிக்கை வைத்துக்கொள்ளும் வசதி தொடக்கத்தில் யாருக்கும் இருக்காது. ஜே.சி. ரோட்டில் சங்கிலியும் ஸ்பிராக்கெட்டும் பேரிங்கும் வாங்கிவிடலாம். ஆனால் அவற்றை மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முதலில் கற்க வேண்டியது ஏர் ஃபில்டரைக் கழுவுவது. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் கோடையில் மாவாகப் பறக்கும்; அது எஞ்சினுக்குள் சென்றால் பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

ஓட்டி முடித்த அன்றே நுரை ஃபில்டரைக் கழற்றி, காற்று செல்லும் வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஃபில்டரைக் கழுவுவதற்கென்று விற்கும் திரவத்தில் அதை அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் ஒட்டுப்பகுதி பிரிந்துவிடும். பெட்ரோலில் கழுவினாலும் பசை இளகும். பிறகு சோப்புநீரில் அலசி, நிழலில் முழுவதும் உலரவிட்டு, ஃபில்டர் ஆயிலை ஊற்றி, நுரை முழுக்க ஒரே நிறமாகும் வரை கையால் பிசைய வேண்டும். எங்காவது வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே ஆயில் சேரவில்லை, தூசி அவ்வழியாகத்தான் நுழையும். விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். கைக்கு வந்துவிட்டால் அரை மணி நேர வேலை. இதைச் சோம்பி விட்டவர்கள் எஞ்சின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள்.

அதோடு ஸ்போக்குகளை ஒரு சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சங்கிலியின் தளர்வு, டயர்க் காற்று, எல்லா போல்ட்டுகளின் இறுக்கம் ஆகியவை ஒவ்வொரு முறை வண்டியை இறக்கும் முன்பும் பார்க்க வேண்டியவை. மோட்டோகிராஸில் டயர்க் காற்று பொதுவாக 12 முதல் 14 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். சாலை வண்டியின் அளவில் அடித்தால் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் துள்ளும்.

உடல்

மோட்டோகிராஸ் ஓட்டுநரின் இதயம் பந்தயம் முழுவதும் தன் உச்ச அளவுக்குப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். ஜிம்மில் புஜத்தைப் பெருக்கிக்கொள்வதால் இங்கே பயனில்லை. சைக்கிள், ஓட்டம், நீச்சல், படகுத் துடுப்பு இயந்திரம் ஆகியவை மூச்சையும், உட்கார்ந்தெழும் பயிற்சிகளும் இடுப்பு, முதுகுப் பயிற்சிகளும் நிற்கும் நிலையையும் காக்கும். வாரத்தில் பாதைக்கு ஒரு நாள்தான் போக முடிகிறது என்றால், மீதி நாள்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நந்தி மலைப் பக்கம் ஏறுபவர்கள் முன்னேறுகிறார்கள்.

தலையில் அடிபட்டு, ஒரு நொடியேனும் நினைவு தடுமாறினாலோ, குமட்டலோ தலைசுற்றலோ இருந்தாலோ, அன்றைக்கு மறுபடி வண்டியில் ஏறக் கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும். இந்த விஷயத்தில் நண்பர்கள் கொடுக்கும் "ஒன்றும் ஆகாது, ஏறு" என்ற ஊக்கம் ஆபத்தானது. காரை எலும்பு முறிவும் மணிக்கட்டு முறிவும் இவ்விளையாட்டில் சாதாரணமாக நிகழ்பவை. மாவுக்கட்டை முன்கூட்டியே பிரித்துவிட்டு ஓட வந்தால், மணிக்கட்டின் சிறு எலும்பு சேராமலேயே போய் ஆண்டுக்கணக்கில் வலிக்கும்.

காப்பீட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண மருத்துவக் காப்பீடுகளில், மோட்டார் பந்தயம் உள்ளிட்ட ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பதால் வரும் சிகிச்சைச் செலவு விலக்கப்படுவதாக ஒரு பொது விதி இருக்கும். ஆகவே வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிடாமல், போட்டி உரிமத்தோடு வரும் காப்பு எவ்வளவு, பயிற்சியின்போது அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போதவில்லை என்றால் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் பந்தயத்தை மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் நாளில் உதவாது.

உரிமமும் முதல் பந்தயமும்

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிப்பது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு. அதன் அனுமதி பெற்ற போட்டிகளில் ஓட அதனிடம் ஆண்டு உரிமம் பெற வேண்டும். வயதுச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, இரத்த வகை, பதினெட்டுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் ஆகியவற்றை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெறாத போட்டிகளில் பரிசுப் பணம் கவர்ச்சியாக இருந்தாலும், மருத்துவ ஏற்பாடும் காப்பீடும் இருக்கும் என்று நம்ப முடியாது. அவற்றில் ஓடுவது உரிமத்துக்கும் இடையூறாகலாம்.

முதல் பந்தயத்தை, நோவிஸ் எனப்படும் புதியவர்களுக்கான பிரிவில் ஓட வேண்டும். பயிற்சியில் நேரம் நன்றாக வருகிறதே என்று மேல் பிரிவில் பெயர் கொடுக்கும் அவசரத்தைப் பல இளைஞர்களிடம் பார்க்கலாம். தனியாக ஓட்டுவதற்கும் இருபது வண்டிகள் ஒரே வளைவை நோக்கிப் பாய்வதற்கும் உள்ள வேறுபாடு, தொடக்கத் தடுப்பு விழுந்த முதல் மூன்று நொடிகளில் தெரிந்துவிடும்.

போட்டி நாளில் சீக்கிரமே சென்று வண்டியை ஸ்குரூட்டினி எனப்படும் சோதனைக்குக் காட்ட வேண்டும். உடைந்த லீவர், கூர்மையான விளிம்பு, தளர்ந்த ஸ்போக், சான்றில்லாத ஹெல்மெட் ஆகிய எதுவும் உங்களைத் திருப்பி அனுப்பப் போதும். அடுத்துப் பாதையை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, எந்த வளைவில் மண் திரண்டு சுவராகியிருக்கிறது, தாண்டுமேட்டின் இறங்குமுகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவை வண்டியில் போகும்போது தெரியா.

கொடிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் ஒரு சுற்று முன்னே இருப்பவர் பின்னால் வருகிறார், வழிவிட வேண்டும். வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்றால் பாதையில் மருத்துவக் குழு இருக்கிறது; அங்கே தாண்டாமல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். வழிவிடும்போது புதியவர்கள் பதற்றத்தில் சட்டென்று ஒதுங்குவதுதான் மோதலில் முடிகிறது. உங்கள் கோட்டிலேயே சீராகச் செல்லுங்கள், முந்துபவர் இடம் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைக்கூட விசாரிக்காமல் போடாதீர்கள். மூக்கடைப்பு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டி நேரத்தில் குறிப்பிட்ட அளவுக்குமேல் உடலில் இருந்தால் ஊக்கமருந்துத் தடை விதிகளின்கீழ் குற்றமாகும்.

பணமும் பிழைப்பும்

ஒரு பருவம் ஓடுவதற்கு வண்டியைவிட வண்டியைச் சுற்றியுள்ளவைதாம் அதிகம் விழுங்கும்: டயர், ஆயில், கிளட்ச், பயிற்சிக் கட்டணம், நுழைவுக் கட்டணம், புணேக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டியை ஏற்றிச் செல்லும் செலவு, தங்குமிடம், மெக்கானிக் கூலி. ஒவ்வொரு மாதமும் இவற்றை எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் உதவும்: அடுத்த ஆண்டு ஓட முடியுமா என்று வீட்டாரோடு பேச உதவும், ஸ்பான்சரிடம் போகும்போது எவ்வளவு கேட்பது என்றும் தெரியும்.

தொழில்முறை என்ற சொல்லுக்குரிய நிலை, அதாவது சம்பளமும் வண்டியும் தரப்படும் நிலை, நிறுவன அணிகளில்தான் இருக்கிறது. டி.வி.எஸ். ரேசிங் 1982 முதல் இயங்குகிறது. அதன் தாய் நிறுவனத்தின் ஆலை அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரும் ஓசூரில் இருக்கிறது. ஹீரோவின் ராலி அணி 2016இல் தொடங்கப்பட்டது. 2024இல் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக்கின் முதல் பருவம், புணே, அகமதாபாத், பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களில் நடந்து, இறுதிச் சுற்று இங்கே சிக்கஜாலாவில் நடைபெற்றது. அணிகள் ஓட்டுநர்களை ஒப்பந்தம் செய்யும் அந்தத் தொடரில் 450, 250 சி.சி. பன்னாட்டுப் பிரிவுகளோடு, இந்திய, ஆசிய ஓட்டுநர்களுக்கான 250 சி.சி. பிரிவும் சிறுவர்களுக்கான 85 சி.சி. பிரிவும் இருந்தன. இவை எல்லாம் சேர்ந்தாலும் இடங்கள் சில பத்துகளைத் தாண்டா. தேசியப் போட்டிகளில் இரண்டு மூன்று பருவங்கள் தொடர்ந்து முன்வரிசையில் முடிப்பவர்களையே அணி மேலாளர்கள் கவனிக்கிறார்கள்; ஒரே ஒரு வெற்றியைவிட, விழாமல் முடித்த பந்தயங்களின் வரிசை அவர்களுக்கு அதிகம் பேசும்.

அந்த நிலை வரும்வரை ஸ்பான்சரைத் தேட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு எழுதும் முன், உங்கள் பகுதியின் டயர்க் கடை, வண்டி டீலர், கவசம் விற்பவர், உடற்பயிற்சிக் கூடம் ஆகியோரிடம் போங்கள். ஒரே பக்கத்தில், எந்தப் பிரிவில் ஓடுகிறீர்கள், கடந்த பருவத்தின் முடிவுகள் என்ன, வரும் பருவத்தின் அட்டவணை எது, அவர்கள் பெயர் வண்டியிலும் சட்டையிலும் எங்கே வரும் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். பணம் தராதவர் டயராகத் தருவார், அதுவும் பணம்தான். ஒப்பந்தம் என்று ஒன்று கைக்கு வந்தால், காயம்பட்டு ஓட முடியாத மாதங்களில் என்ன ஆகும், வண்டி யாருடையது, படங்களை யார் எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், இடையில் விலக முடியுமா என்ற நான்கையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

படிப்பை விடுவதைப் பற்றி என்னிடம் கேட்டால், விட வேண்டாம் என்பேன். டிப்ளமாவோ பொறியியலோ ஐ.டி.ஐ.யோ கையில் இருந்தால், ஓசூரிலும் பெங்களூரைச் சுற்றியும் உள்ள வண்டி நிறுவனங்களில் டெஸ்ட் ரைடர், சஸ்பென்ஷன் சீரமைப்பாளர், அணி மெக்கானிக் போன்ற வேலைகளுக்கு மண்ணில் ஓட்டத் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பயிற்சிப் பள்ளிகளில் உதவிப் பயிற்றுநராகச் சேர்வது இன்னொரு வழி. அதில் சம்பளத்தோடு பாதையில் இருக்கும் நேரமும் கிடைக்கிறது. பலரும் இந்த வேலைகளில் ஒன்றைச் செய்துகொண்டேதான் வார இறுதிகளில் பந்தயம் ஓடுகிறார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி மாதங்கள் வாகானவை: மழை ஓய்ந்து செம்மண் சற்றே ஈரப்பிடிப்போடு இருக்கும், தூசியும் குறைவு. ஒரு நாள் அறிமுக வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். பெற்றோரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். கவசங்கள் எப்படி அணியப்படுகின்றன, விழுந்தவர் எப்படி எழுந்து வருகிறார் என்று அவர்களே பார்த்துவிட்டால், வீட்டில் நடக்கும் பேச்சு வேறு விதமாக அமையும்.